பொய் சொல்லாத பேன்ட்

நான்காவது மாடிக்குப் போக வேண்டியவள் இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் மடித்த ஸ்ட்ரெச்சர். அதில் இன்னும் யாரையும் ஏற்றக்கூட இல்லை. அறுபது கிலோ மணல் பொம்மை ஒன்று நான்காவது மாடியில் அவளுக்காகக் காத்துக் கிடந்தது. அதற்கு முன்னால் நடந்த ஓட்டமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இரண்டு கிலோமீட்டரைப் பன்னிரண்டரை நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் பதினாறு நிமிடம் இருபது விநாடி வரை இழுத்திருந்தாள். பரீட்சை வைத்த மேற்பார்வையாளர் கீழே நின்றபடியே குரல் கொடுத்தார்.

"போதும்மா, இறங்கி வந்துடு. ஆம்புலன்ஸ் ஸ்டேஷனுக்கே ஆம்புலன்ஸ் கூப்பிட வெச்சுடாதே."

அவள் ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவள். ஒன்பது வருடம் தூக்கினாள். நிலையத்தில் எல்லோரும் ஸ்ட்ரெச்சரக்கா, ஸ்ட்ரெச்சரக்கா என்று கூப்பிட்டு, வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர் அவளுக்கே யாரோ ஒருத்தியின் பெயராகிவிட்டது. மகள் பிறந்ததும் தொலைபேசி அறையில் உட்கார வைத்தார்கள். ஆறு மாதம்தான் என்றார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று வருடம் போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் வண்டியை விட்டு விலகி இருந்தவர்கள் திரும்ப ஏற வேண்டுமானால் உடற்தகுதிப் பரீட்சை எழுதியாக வேண்டும் என்பது விதி. எழுதுவதென்றால் காலால். இரண்டு தடவை வாய்ப்பு. நடுவில் மூன்று மாதம். இரண்டாவதிலும் தோற்றால் ஓய்வு பெறும் வரை தொலைபேசி அறைதான்.

தொலைபேசி அறை ஒன்றும் மோசமில்லை. மின்விசிறி இருக்கிறது, நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது. ஆனால் அங்கே எந்தக் கதையும் முடிவதில்லை. "அம்மா விழுந்துட்டாங்க, பேச்சு வரல" என்று ஒருவர் அழுவார். இவள் தைரியம் சொல்வாள், தலையை எப்படித் திருப்பி வைப்பது என்று சொல்வாள், வண்டி வருகிறது வருகிறது என்பாள். வண்டி போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கம் டக்கென்று வைத்துவிடுவார்கள். அந்த அம்மாவுக்குப் பேச்சு வந்ததா இல்லையா என்று இவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாளைக்கு நாற்பது அம்மாக்கள், நாற்பது அப்பாக்கள். எல்லோரும் பாதியில் அறுந்துபோவார்கள். வண்டியில் இருந்தபோது நல்லதோ கெட்டதோ, ஆஸ்பத்திரி வாசல்வரை கூடவே போவாள். அவளுக்கு வேண்டியது அந்த வாசல்தான்.

தோற்றதைவிட அவளுக்கு ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. ஏனென்றால் அவள் போட்டிருந்தது பன்னிரண்டு வருடத்துக்கு முன் வண்டியில் ஏறிய முதல் நாளில் தந்த அதே சீருடை. அதே நீல பேன்ட். பட்டன் அன்றைக்குப் போட்ட மாதிரியே இன்றைக்கும் போட முடிந்தது. 'பிள்ளை பெத்தும் ஒரு சுற்றுகூட ஏறலையே' என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் அன்று காலை மைதானத்தில் இறங்கினாள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றைக் கடித்துக் கடித்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

நிலையத்து நர்ஸ் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். எல்லாம் சரி.

"உட்கார்ந்தே இருந்தா இப்படித்தான். ஓட ஆரம்பிங்க. ஆனா எடை மெஷின் பக்கம் மட்டும் போகாதீங்க."

"ஏன் சிஸ்டர்?"

"ஓடினா கொழுப்பு கரையும், சதை ஏறும். மெஷின்ல முள்ளு அப்படியே நிக்கும், உங்களுக்கு மனசு விட்டுப் போயிடும். உங்க யூனிஃபார்ம் பேன்ட் இருக்குல்ல, அதப் பாருங்க. இடுப்புல லூஸ் ஆகுதான்னு பாருங்க. மெஷின் பொய் சொல்லும், பேன்ட் பொய் சொல்லாது."

நர்ஸ் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு தையற்காரரைக் கட்டிக்கொண்டவளிடம் அதைச் சொன்னதுதான் தப்பு.

அவள் கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஒரு திரை. வாடிக்கையாளர்களின் பெயர் அவருக்கு நிற்காது, அளவுதான் நிற்கும். "அந்த நாப்பத்திரண்டு வந்துட்டுப் போனார்" என்பார். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் தோள் தையல் அரை இஞ்ச் கீழே தொங்கினால் இறங்கும்வரை அவருக்கு நிம்மதி இருக்காது. டேப் வைக்காமலே கண்ணால் இடுப்பைச் சொல்லிவிடுவார். யாருடைய பேன்ட்டில் கை வைத்தாலும் அதை உட்புறமாகத் திருப்பி, பாக்கெட் துணியின் மேல் பென்சிலால் தேதியும் இடுப்பளவும் எழுதாமல் விடமாட்டார். வீட்டுத் துணியில் அது மங்கினால் அதன் மேலேயே திரும்ப எழுதுவார். நோட்டுப் புத்தகம் காணாமல் போகும், பாக்கெட் எங்கே போகும் என்று கேட்பார். வீட்டில் துணி சம்பந்தப்பட்டது எல்லாம் அவர் பாடு. துவைப்பது, காயப்போடுவது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்துக்கெல்லாம் இஸ்திரி போடுவது. இவள் சமைப்பாள், பாத்திரம் இருவருக்கும் பொது. நல்ல ஏற்பாடு என்று பக்கத்து வீட்டுக்காரிகளுக்குப் பொறாமை. அவளுக்கும் அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் ஓட ஆரம்பித்தாள். கணவருடைய பழைய டிராக் பேன்ட், தன்னுடைய வேலைக் காலணி. வீட்டிலிருந்து டயர் கடைவரை ஓடினாள். இருநூறு மீட்டர் இருக்கும். நாக்குத் தள்ளிவிட்டது. டயர் கடை வாசலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. துரத்துவதற்கு லாயக்கில்லை என்று தீர்மானித்துத் திரும்பப் படுத்துக்கொண்டது. அவள் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, 'ஒன்பது வருஷம் ஆளைத் தூக்கிட்டு ஓடினவ நான்' என்று நாய்க்குச் சொன்னாள். நாய் நம்பவில்லை.

அவளோடு ஆறு வருடம் வண்டி ஓட்டியவன்தான் உதவிக்கு வந்தான். அவனை எல்லோரும் 'பிரேக்' என்பார்கள். வண்டியில் அந்த ஒரு பாகத்தை மட்டும் அவன் தொட்டதே இல்லை என்பதால் வந்த பெயர். அவன் ஆம்புலன்ஸின் மீட்டரை வைத்து பஸ் டிப்போ மதிற்சுவரைச் சுற்றி அளந்து பார்த்து, ஒரு சுற்று சரியாக அரை கிலோமீட்டர் என்றான்.

"நாலு சுத்து அக்கா. அவ்வளவுதான் பரீட்சை. முதல் ரெண்டு வாரம் ஒரேயடியா ஓடாதீங்க. ரெண்டு நிமிஷம் ஓடுங்க, ரெண்டு நிமிஷம் நடங்க. ஒரே நாள்ல ஒன்பது வருஷத்தையும் திருப்பி எடுக்கலாம்னு பாக்காதீங்க."

"நீ எப்ப இதெல்லாம் கத்துக்கிட்ட?"

"நான் வண்டியிலேயே ஓடறவன். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பாக்கறவனுக்குத்தானே எல்லாம் தெரியும்?"

அப்படியே செய்தாள். வாரத்துக்கு நான்கு நாள் டிப்போ சுவர். மற்ற இரண்டு நாள் வேலை முடிந்ததும் நிலையத்து மாடிப்படி. முதலில் வெறும் கையோடு, பிறகு இரண்டு தண்ணீர் கேன்களோடு. வீட்டில் மூன்று வயது மகளைத் தோளில் உட்கார வைத்து உட்கார்ந்து எழுவாள். தரையில் குப்புறப் படுத்து முழங்கையால் உடம்பைத் தூக்கி நிறுத்தினால், மகள் உடனே முதுகில் ஏறிக்கொண்டு, "போ, போ, ஹாரன் அடி" என்பாள். ஹாரனும் அடிக்க வேண்டியிருந்தது. கடையிலிருந்து திரையை விலக்கிப் பார்க்கும் வாடிக்கையாளர்கள் மரியாதையாகத் திரும்பிக்கொள்வார்கள்.

முதல் மாதக் கடைசியில் நான்கு சுற்றையும் நிற்காமல் ஓடினாள். பதினைந்தரை நிமிடம். இரண்டாம் மாதம் பதினான்கு. பிறகு பதின்மூன்று இருபது. டயர் கடை நாய் இப்போது எழுந்து நாலு அடி கூடவே ஓடி வரும் அளவுக்கு மதிப்பு கூடியிருந்தது. ஆனால் பேன்ட்? அது ஓர் இம்மிகூட அசையவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தேய்த்து மடித்த சீருடையைப் போட்டு, பட்டனை மாட்டி, இடுப்பில் விரலை நுழைத்துப் பார்ப்பாள். எத்தனை விரல் போகும் என்று போன வாரமும் பார்த்தாள், அதற்கு முந்தின வாரமும் பார்த்தாள். ஒரே ஒரு விரல். பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு விரல்தான்.

"அக்கா, இளைச்சுட்டீங்க" என்றான் பிரேக் ஒருநாள்.

"ஐஸ் வைக்காதேடா. எம்மேல இருக்கிற பேன்ட்டுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா?"

டிராக் பேன்ட் ஓடும்போது வழுக்கி வழுக்கி இறங்கியது. எலாஸ்டிக் செத்துவிட்டது என்று கணவரிடம் போட்டாள். அவர் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே புது எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தார். அவளுடைய ஓட்டத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. காலையில் எழுந்து மகளைப் பார்த்துக்கொள்வார், வெந்நீர் போட்டு வைப்பார், அவள் கால் வலிக்கிறது என்றால் தைலம் எடுத்துக் கொடுப்பார். "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்பார். அவள் நிமிடத்தைச் சொன்னால், "நல்லது" என்பார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்து, ஊசியை வாயில் வைத்துக்கொள்வார்.

பத்தாவது வாரத்தில் நேரமும் நின்றுவிட்டது. பதின்மூன்று பத்து. மறுநாள் பதின்மூன்று பன்னிரண்டு. அதற்கடுத்து மறுபடி பதின்மூன்று பத்து. இன்னும் நாற்பது விநாடி குறைய வேண்டும். நாலு விநாடிகூடக் குறைய மறுத்தது. இரண்டு வாரம் முட்டி மோதிப் பார்த்தாள். ஒரு காலையில் மூன்றாவது சுற்றில் நின்று, டிப்போ சுவரில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். மூன்று மாதம் விடியலில் எழுந்தாயிற்று. படி ஏறியாயிற்று. ஹாரன் அடித்தாயிற்று. உடம்பிலிருந்து அரை இஞ்ச்கூடப் போகவில்லை. இந்த உடம்பு இவ்வளவுதான் போல. இதற்கு மேல் இழுத்தால் வராது. அவள் அழுகிறவள் இல்லை. ஆனால் அன்று மீதி ஒன்றரை சுற்றையும் நடந்தே முடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டது வியர்வைக்காக மட்டும் இல்லை.

பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள். மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார். அவர் கெட்டவர் இல்லை. யாரையும் தோற்க விடாமல் முன்கூட்டியே உட்கார வைத்துவிடுகிற நல்லவர்.

"இது விருப்பக் கடிதம்மா. தொலைபேசி அறையே போதும்னு நீயே எழுதிக் குடுத்துட்டா பகல் ஷிஃப்ட்டை உனக்குன்னு ஒதுக்கிடுவேன். பரீட்சையில தோத்து உள்ள வந்தா எந்த ஷிஃப்ட் கிடைக்குதோ அதுதான். சின்னக் குழந்தை இருக்கு, யோசிச்சுப் பாரு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள குடு."

அவள் இரண்டு நாள் யோசித்தாள். வெள்ளிக்கிழமை மதியம், ஒரு அப்பாவை மாடிப்படியில் இருந்து இறக்க முடியாமல் தவித்த மகனோடு பேசி முடித்துவிட்டு, அந்த அப்பாவும் பாதியில் அறுந்துபோனதும், மேற்பார்வையாளர் அறைக்குப் போனாள். தாளை மேசைமேல் விரித்தாள். பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டுப் பேனாவை எடுத்தாள். கை முழுக்க நீலம். பேனா உள்ளேயே கக்கியிருந்தது. தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு மை.

"முதல்ல அதை அலசிட்டு வாம்மா, கறை பிடிச்சுடும்" என்றார் மேற்பார்வையாளர்.

உடை மாற்றும் அறைக்குப் போய் டிராக் பேன்ட்டுக்கு மாறினாள். சீருடை பேன்ட்டை உட்புறமாகத் திருப்பி, பாக்கெட்டைக் குழாயடியில் பிடிக்கப் போனவள் நின்றாள். மை படாத பக்கத்தில், வெள்ளைப் பாக்கெட் துணியில், பென்சில் எழுத்து. கணவருடைய கையெழுத்து. ஏழு என்ற எண்ணைப் போடும்போது நடுவில் ஒரு கோடு கிழிப்பார். தேதிகளில் அந்தக் கோடுகூட இருந்தது.

மேலே 31. பக்கத்தில், அவள் வண்டியில் முதன்முதலாக ஏறிய மாதம். அதன் கீழே 32. மகள் பிறந்து நான்காவது மாதம். அதன் கீழே 33. பிறகு 34¼. பிறகு 35½, தோற்றுப்போன பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால் உள்ள தேதி. அதோடு நிற்கவில்லை. 35. அப்புறம் 34¼. அப்புறம் 33½. கடைசியாக 32¾, அதன் பக்கத்தில் போன ஞாயிற்றுக்கிழமை.

அவள் பேன்ட்டின் பின்பக்க நடுத்தையலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையற்காரர் மனைவிக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தையல் பிரித்த இடமெல்லாம் ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. உள்ளே விட்டிருந்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்ட வரிசைகள். பிறகு அதையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பிடித்த வரிசைகள். மூன்று வருடமும் மூன்று மாதமும் அவள் இடுப்பைச் சுற்றியே நடந்திருக்கின்றன. அவளுக்கு மட்டும் சேதி இல்லை.

முகம் சுட்டது. நாலரை இஞ்ச்! பன்னிரண்டு வருடமாக அதே உடம்பு என்று நிமிர்ந்து நடந்தாளே, அந்த நடையை நினைத்தபோது எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. கூடவே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தின் நடுவிலேயே விரல்கள் தானாக எண்ண ஆரம்பித்தன. முப்பத்தைந்தரையிலிருந்து முப்பத்திரண்டே முக்கால். மறுபடி எண்ணினாள். இரண்டே முக்கால் இஞ்ச் போயிருக்கிறது. அசையவில்லை, அசையவில்லை என்று சுவரில் முட்டிக்கொண்ட உடம்பு, இரண்டே முக்கால் இஞ்ச் நகர்ந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா, வீட்டுக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வீசுவதா என்று தெரியாமல், குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

மேற்பார்வையாளர் தன் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வேண்டாம் சார். பரீட்சைக்கே வரேன்."

"நல்லா யோசிச்சியா?"

"இப்பத்தான் சார் சேதியே வந்துச்சு."

வீட்டுக்கு வந்தபோது கடையில் 'நாற்பத்திரண்டு' கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றார்; அவர் வயிற்றைச் சுற்றி டேப் இருந்தது. அவள் ஈர பேன்ட்டை உட்புறமாகத் திருப்பி, வெட்டும் மேசைமேல் விரித்தாள். எழுத்து மேலே தெரிகிற மாதிரி விரித்தாள். கணவர் பார்த்தார். டேப் கையிலிருந்து நழுவியது.

"இது யாரோட அளவு?"

"உள்ள போய்ப் பேசலாம்மா..."

"இங்கயே சொல்லுங்க. யாரோட அளவு?"

"உன்னோடதுதான்."

"என்னோட அளவு எல்லாருக்கும் முன்னாடி எனக்குத்தானே தெரியணும்?"

நாற்பத்திரண்டு நீட்டிய கைகளை மெதுவாக மடக்கிக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியேறினார்.

"பாப்பா பொறந்து நாலு மாசத்துல ஒருநாள் நீ பீரோ முன்னாடி உட்கார்ந்து அழுதே" என்றார் கணவர். "ஞாபகம் இருக்கா? ஒரு துணியும் சேரலைன்னு. அப்புறம் யூனிஃபார்மை எடுத்துப் போட்டே. அது மட்டும் சரியா இருந்துச்சு. இதாவது என்னை விட்டுப் போகலையேன்னு சிரிச்சே. முந்தின நாள்தான் நான் அதைப் பிரிச்சு விட்டிருந்தேன். சொல்லத்தான் வந்தேன். நீ சிரிச்சதைப் பார்த்ததும் வாய் வரல."

"அது ஒரு தடவை. மிச்சம் மூணு தடவை?"

"முதல் தடவை மறைச்சுட்டா அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அன்னிக்குப் படியில உட்கார்ந்தப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா?" அவள் குரல் உடைந்தது, அதை அவள் மறைக்கவில்லை. "உடுப்பு அப்படியே இருக்கு, மூச்சு மட்டும் இல்லையே, நெஞ்சுல ஏதோ பெரிய வியாதி வந்துடுச்சுன்னு நினைச்சேன். பாப்பாவை யார் பாத்துக்குவாங்கன்னு நினைச்சேன். உங்க ஒரு இஞ்ச் தையல் என்னை எங்க கொண்டுபோய் விட்டுது பாருங்க."

அவர் முகம் வெளுத்தது. அதை அவர் எதிர்பார்க்கவே இல்லை என்பது தெரிந்தது. மெஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"தப்புதான்" என்றார். "தப்புன்னு இப்பத்தான் தெரியுது."

"சரி, கூடினதை மறைச்சீங்க. குறையும்போதாவது சொல்லியிருக்கலாம்ல? மூணு மாசமா அந்தப் பாழாப்போன ஒரு விரலை விட்டு விட்டுப் பார்த்துட்டு இருந்தேனே!"

"குறைஞ்சதைச் சொன்னா, கூடினதையும் சொல்லணுமே." இன்னும் சின்னக் குரலில் சேர்த்துக்கொண்டார். "லூசா இருக்கிறது கண்ணுல பட்டா என் கையும் சும்மா இருக்காது."

அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் சமாதானம் என்று எடுத்துக்கொள்வார்.

"எழுந்திருங்க. டேப்பை எடுங்க."

"எதுக்கு?"

"அளவெடுங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது எனக்கு டேப் வெச்சிருக்கீங்களா? எல்லாம் கண்ணாலயேதானே? இன்னிக்கு டேப்பால எடுங்க. வாடிக்கையாளருக்குச் சொல்ற மாதிரி சத்தமா சொல்லுங்க."

அவர் டேப்பைச் சுற்றிப் பிடித்தார். "முப்பத்திரண்டரை" என்றார்.

"சத்தமா."

"முப்பத்திரண்டரை!"

திரைக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த மகள், "முப்பத்தி ரெண்டர! முப்பத்தி ரெண்டர!" என்று கூவிக்கொண்டே ஓடி வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பழைய முப்பத்தொன்று இல்லைதான். ஆனால் முதன்முறையாக அந்த எண் அவளிடமே வந்து சேர்ந்திருந்தது. அவள் மகளைத் தூக்கிக்கொண்டாள்.

"இனிமே நான் சொல்லாம என் துணியில ஒரு நூல் பிரியக் கூடாது. ஒண்ணு மட்டும் பண்ணுங்க. பரீட்சை யூனிஃபார்ம்லதான் ஓடணும். நீங்க பிடிச்ச பிடியில நிக்கத்தான் முடியும், காலை எட்டி வைக்க முடியாது. தொடையில ஒரு இஞ்ச் விடுங்க."

"பார்க்க நல்லா இருக்காதே..."

"பார்க்கறதுக்கா ஓடறேன்?"

அவர் தன் வாழ்க்கையில் முதன்முறையாக, தெரிந்தே ஒரு பேன்ட்டைத் தொளதொளவென்று தைத்தார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வெந்நீர் சூடு போதவில்லை என்று பேச ஆரம்பித்தாள்.

பிரேக்கிடமும் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். பிறகு, "தினமும் ஒரே வேகத்துல ஓடிட்டு இருக்கீங்க அக்கா, அதான் நேரம் நின்னுடுச்சு. ஒரு சுத்து வெறிகொண்டு ஓடுங்க, ஒரு சுத்து நடங்க. கடைசி ரெண்டு நாள் காலைத் தூக்கி நாற்காலி மேல போட்டுட்டு உட்காருங்க" என்றான். அப்படியே செய்தாள். நடுவில் ஒருநாள் நான்கு சுற்றையும் முழுதாக ஓடிப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது. அது காலால் வந்ததா, கோபத்தால் வந்ததா, பாக்கெட் துணியைப் படித்ததால் வந்ததா என்று அவள் ஆராயவில்லை.

பரீட்சை நாளன்று மேற்பார்வையாளர் அவள் பேன்ட்டைப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்காரர்கிட்ட குடுத்துச் சரி பண்ணக் கூடாதா?" என்றார்.

"அவர் சரி பண்ணினதுதான் சார் இது."

ஓடினாள். தொடையில் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. முதல் சுற்றில் வேகத்தைக் கையில் பிடித்து வைத்தாள். இரண்டாவதில் விட்டாள். மூன்றாவது வழக்கம்போல மோசமான சுற்று. வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. நிற்கலாமா என்று உடம்பு கேட்டது. அவள் அந்தப் பென்சில் எண்களை மேலிருந்து கீழாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள். முப்பத்தைந்தரைக்கு வந்ததும் எண்கள் குறைய ஆரம்பித்தன, நான்காவது சுற்றும் வந்துவிட்டது. கடைசி ஐம்பது மீட்டரில் பிரேக் வண்டியின் ஹாரனை விடாமல் அடித்தான். மேற்பார்வையாளர் கடிகாரத்தை அழுத்திவிட்டு இரண்டு தடவை பார்த்தார்.

"பன்னிரண்டு பதினொண்ணு" என்றார்.

மூச்சு வாங்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பிறகு மாடி. மடித்த ஸ்ட்ரெச்சரோடு நான்கு மாடி ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில், முன்பு உட்கார்ந்த படியை மிதித்துவிட்டுப் போனாள். மேலே மணல் பொம்மையை ஏற்றிப் பட்டை கட்டியதும், "தலைப்பக்கம் நீங்க பிடிங்கக்கா, பாரம் கம்மி" என்றான் மறுமுனை பிடிக்க மேலே வந்திருந்த பிரேக்.

"இறங்கும்போது பாரமெல்லாம் கீழ்ப்பக்கம்தான் வரும். கீழ்ப்பக்கம் எனக்கு" என்றாள்.

இறங்கினார்கள். தொடை நடுங்கியது, கை நடுங்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும், "திரும்பறோம், பயப்படாதீங்க" என்று மணல் பொம்மையிடம் சொன்னாள், பழைய பழக்கம். தரைத்தளத்துக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, வாசல்வரை கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மேற்பார்வையாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே தாளில் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போனாள்.

வீட்டில் கணவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் வியர்வை காயாத பேன்ட்டை வெட்டும் மேசைமேல் போட்டாள்.

"துவைக்கணும்."

அவர் கை பழக்கத்தில் அதை உட்புறமாகத் திருப்பியது. பாக்கெட் துணி மேலே வந்தது. பென்சில் வரிசையின் அடியில், நீல மையில், அவருடைய கையெழுத்து இல்லாத ஓர் எண்.

"பன்னிரண்டு பதினொண்ணா?" என்று குழம்பினார். "யாருக்கு இடுப்பு பன்னிரண்டு?"

அவருக்குப் புரிவதற்குச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் துணியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்த் திரும்பப் படித்தார். கண் நிறைந்துவிட்டது. அதை மறைப்பதற்குத் தொழில் விஷயம் ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது.

"பேனாவுல எழுதிட்டியே" என்றார். "இது துவைச்சாப் போகாதே."

"போக வேண்டாம்" என்றாள் அவள்.